எதிர்காலம் ஒன்று, நல்ல நிலையில்

தாம்பரம் ஜூபிலி கிரிக்கெட் கழகம் மாவட்ட லீக்கின் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இறங்கியது. நான்காம் பிரிவு என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கும் போயிருக்கும். இல்லாததால் அங்கேயே நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு முடிவில் செயற்குழு கூடி, நடந்தது வீழ்ச்சி அல்ல, மறுநிர்மாணத்தின் தொடக்கம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

மறுநிர்மாணத்துக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம் வேண்டும் என்றார் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன். கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கோப்பு இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது என்பது அவருடைய அனுபவம். கோப்பு இருந்தும் நடக்காது என்பது மற்றவர்களுடைய அனுபவம். திட்டம் நாற்பது பக்கத்துக்கு டைப் அடிக்கப்பட்டது. வயதாகிவிட்ட முதல் அணியை இளைஞர்களைக் கொண்டு மெல்ல மெல்ல மாற்றியமைப்பது என்பதுதான் அதன் சாரம். 'மெல்ல மெல்ல' என்ற இரண்டு சொற்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்திருந்தார்கள்.

அப்படிக் கண்டெடுக்கப்பட்ட முதல் இளைஞன் லாசரஸ் சாரின் மகன் ஐசக்.

லாசரஸ் சார் மேற்குத் தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கிரிக்கெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓவருக்கு ஆறு பந்து என்று கேள்விப்பட்டபோது, ஆறு நல்ல எண் என்று மட்டும் சொன்னார். ஆனால் குடும்ப கௌரவம் என்றால் அவருக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் ஜெபராஜ் ஒரே சபையில் நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். லாசரஸ் சார் ஒரே பள்ளியில் முப்பது வருஷம். அந்த வீட்டில் யாரும் சிபாரிசு கேட்டு ஒருவர் வாசலில் நின்றதில்லை. சேர்ந்த இடத்தை விட்டுவிட்டு இன்னோரிடம் ஓடியதுமில்லை.

ஆகவே, அறுபத்தேழாம் ஆண்டு ஜனவரியில் செயலாளரும் கேப்டன் சிட்டிபாபுவும் வீடு தேடி வந்து, "உங்க பையன்தான் சார் நம்ம கழகத்தோட எதிர்காலம்" என்று சொன்னபோது அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"பையன் போடுற வேகத்துக்கு எங்க மேட்டிங் பாயே கிழியுது சார்" என்றார் சிட்டிபாபு. அவருக்கு அப்போதே நாற்பத்து மூன்று வயது. இடது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பார். "இவ்வளவு வேகத்தை நான் எங்க ஜெனரேஷன்ல பார்த்ததில்லை."

"அப்ப அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஸ்ட் டீம்ல ஆடறானா?" என்று கேட்டாள் லாசரஸ் சாரின் மனைவி ரத்தினபாய், காபியை நீட்டியபடி.

செயலாளர் சிரித்தார். சின்னக் குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிக்கிற மாதிரி. "அவசரப்படப்படாதும்மா. நல்ல சரக்கை எடுத்த எடுப்புல கடை வாசல்ல போடுவாளா? பையன் இன்னும் கொஞ்சம் பக்குவப்படணும். முதல்ல ரெண்டாவது டீம்."

இரண்டாவது அணி லீக்கில் ஆடுவதில்லை. சுற்று வட்டாரத்துக் குழுக்களோடு சிநேக ஆட்டம் மட்டும் ஆடும். அதிலும் ஐசக்குக்குத் தனி விதி ஒன்று வகுக்கப்பட்டது. ஓவரின் ஆறு பந்துகளில் இரண்டைத்தான் அவன் முழு வேகத்தில் போடலாம். மற்ற நான்கையும் மெதுவாகப் போட வேண்டும். தோளில் இருக்கும் வேகம் தீர்ந்து போகக் கூடாது என்பது செயற்குழுவின் கவலை.

முதல் வருஷம் பையன் ஒல்லியாக இருக்கிறான், சதை போடட்டும் என்றார்கள். ரத்தினபாய் தினமும் இரண்டு முட்டை கொடுத்தாள். இரண்டாம் வருஷம் சதை போட்டுவிட்டான், வேகம் குறைகிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் வருஷம் வேகம் குறையவில்லை என்று நிரூபணமாயிற்று. ஆனால் அதிலும் சிக்கல் வந்தது. இவ்வளவு நன்றாகப் போடுகிறவனை இப்போது இறக்கினால், இருபது வருஷமாக ஆடிவரும் பெரியவர்கள் மனம் புண்படும். நான்காம் வருஷம் இருக்கும் வீரர்களில் யாராவது எழுத்து மூலம் விலகினால்தான் இடம் காலியாகும் என்று விதியில் கண்டுபிடித்தார்கள். அணியில் சராசரி வயது நாற்பத்தாறு. விலகுவீர்களா என்று சுற்றறிக்கை போனது. பதினொரு பேரும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் ஐசக்குக்கு மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆண்டு விழாவில் அவனை மேடையில் ஏற்றுவார்கள். சிறப்பு விருந்தினர் அவன் வலது தோளைத் தொட்டுப் பார்த்து, "பலே" என்பார். கூட்டம் கை தட்டும். அவன் இறங்கிவிடுவான். ஒவ்வொரு மார்ச் மாதக் கடைசி நாளும் கமிட்டி உறுப்பினர்கள் இருவர் ஒரு நீளமான நோட்டோடு வீட்டுக்கு வருவார்கள். ஐசக்கை வெளிச்சத்தில் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, நோட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரத்தினபாய் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இப்படி வீடு தேடி வந்து பார்க்கும் கழகம் வேறு எங்கே இருக்கிறது என்று லாசரஸ் சார் பெருமைப்பட்டார்.

பள்ளியில் மட்டும் கொஞ்சம் சங்கடம். டிரில் மாஸ்டர் ஒவ்வொரு திங்களும் கேட்பார்: "என்ன சார், பையன் இன்னும் பழுக்கலையா?"

"நல்ல கழகம் எதையும் யோசிச்சுத்தான் செய்யும்" என்பார் லாசரஸ் சார், கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி.

எழுபத்தோராம் ஆண்டு நவம்பரில்தான் அந்த விளம்பரம் வந்தது. ரத்தினபாய் அதைப் பேப்பரிலிருந்து கத்தரித்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலை விளையாட்டு வீரர்களுக்கென்று நான்கு குமாஸ்தா இடங்களை ஒதுக்கியிருந்தது. வயது இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. ஏதாவது ஒரு லீக் அணியில் மூன்று ஆட்டமாவது ஆடியதற்குச் சான்றிதழ் வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐசக்குக்கு அடுத்த பிப்ரவரியில் இருபத்தைந்து முடிகிறது. பி.ஏ. படித்துவிட்டு மூன்று வருஷமாக ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தற்காலிகமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஊறுகாயைக் கூட ஒரு மாசத்துல ஜாடியை விட்டு எடுத்துடறோம்" என்றாள் ரத்தினபாய். "இவனை அஞ்சு வருஷமா ஊறப் போட்டிருக்காங்க. போய்க் கேளுங்க."

"நம்ம வீட்டுல யாரும் போய்க் கேட்டதில்லை."

"நம்ம வீட்டுல யாரும் வேலை இல்லாம இருந்ததுமில்லை."

அன்று சாயந்திரமே கூடுவாஞ்சேரியிலிருந்து லோகநாதன் வந்தான். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அவனுடைய அணியும் அதே மூன்றாம் பிரிவில்தான் ஆடியது. கையில் கிரீஸ் இருந்ததால் அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், நம்ம டீம்ல பத்து பேர்தான் கீறாங்க. ஒருத்தன் மிலிட்டரிக்குப் போய்ட்டான். சீசன்ல இன்னும் மூணு மேட்ச் கீது. உங்க பையனைக் குடுங்க. நாளைக்கே பந்தைக் கையில குடுக்கிறேன்."

"நாளைக்கேவா?" என்றார் லாசரஸ் சார். ஐந்து வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. "பக்குவம் பார்க்க வேண்டாமா?"

"இன்னா சார் பக்குவம்? பந்து போடுவான் இல்ல?"

ஐசக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். லாசரஸ் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க வந்ததுக்குச் சந்தோஷம். ஆனா நாங்க ஒரு இடத்துல சேர்ந்தா சேர்ந்ததுதான். கட்சி மாறுற வழக்கம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை."

லோகநாதன் தலையைச் சொறிந்தான். தலையில் கிரீஸ் ஆனது. "நம்மாண்ட வந்தா வேலை கெடைக்கும் சார். கௌரவத்தை வச்சிக்கினு பையன் இன்னா பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லாசரஸ் சார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், தம் வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்பதற்காக ஓர் இடத்துக்குப் போனார்.

கழக அறையில் செயலாளரும் சிட்டிபாபுவும் இருந்தார்கள். லாசரஸ் சார் விளம்பரத்தை மேஜையில் வைத்தார். செயலாளர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சார், நீங்க கணக்கு வாத்தியார். உங்களுக்குச் சொன்னாப் புரியும்" என்று தொடங்கினார். "நாளைக்கு உங்க பையனை இறக்கறோம்னு வச்சுக்கோங்கோ. ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். ஒண்ணு, அவன் விக்கெட் எடுக்க மாட்டான். அப்ப நம்ம திட்டம் ஃபெயில். இல்லே, எடுப்பான். அப்ப இத்தனை நாள் ஏன்டா இவனை உட்கார வச்சேள்னு ஜனங்க கேப்பா. ரெண்டுலயும் கமிட்டிக்குத்தான் கெட்ட பேர். அவன் ஆடாத வரைக்கும் பாருங்கோ, எந்தப் பிரச்னையும் இல்லை. எங்கிட்ட ஒரு எதிர்காலம் இருக்குன்னு தலை நிமிர்ந்து சொல்லலாம். கழகத்துல இப்ப உருப்படியா இருக்கறது எதிர்காலம் ஒண்ணுதான். அதையும் ஆட விட்டுட்டா ஆண்டு விழாவுல சீஃப் கெஸ்ட்டுக்கு எதைக் காட்டறது? சிட்டிபாபுவையா?"

"அதானே!" என்றார் சிட்டிபாபு, ஆமோதித்து.

லாசரஸ் சார் விளம்பரத்தை எடுத்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு, "அப்படின்னா அவனை விட்டுடுங்க. வேற இடத்துல மூணு ஆட்டம் ஆடிட்டு வரட்டும். முறையா ஒரு லெட்டர் கொடுங்க" என்றார்.

"லெட்டரா? பேஷா. ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கம்னு பார்த்து, நம்பர் போட்டுத்தானே குடுக்கணும்." செயலாளர் ஆட்டக்காரர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். ஐசக் இல்லை. அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு மலர்ந்தது. "ஓ, இதுல எங்கே இருப்பான்! நான்தான் மறந்துட்டேன்." அலமாரியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். மார்ச் மாதம் வீட்டுக்கு வரும் அதே நோட்டு. அட்டையில் 'சரக்கு இருப்புப் பதிவேடு' என்று எழுதியிருந்தது.

"பாருங்கோ, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்" என்று பெருமையோடு அவர் பக்கம் திருப்பினார்.

லாசரஸ் சார் படித்தார்.

'கயிற்றுப் பாய் — ஒன்று — ஓரம் கிழிந்தது. இரும்பு உருளை — ஒன்று — கைப்பிடி இல்லை. எதிர்காலப் பந்து வீச்சாளர் (வேகம்) — ஒன்று — நல்ல நிலையில்.'

பக்கத்தில் ஐந்து மார்ச் மாதங்களின் கையெழுத்துகள். கடைசி மார்ச்சில் மட்டும், 'லேசான தொந்தி' என்று ஒரு குறிப்பு.

"இவன் பேரை லீக்ல பதிவே பண்ணலையா?"

"பதிவு பண்ணினா ஆட விடணுமே சார்" என்றார் செயலாளர், இது தெரியாதா என்பது போல.

லாசரஸ் சார் எழுந்தார். ஒரே இடத்தில் இருப்பது அவர் குடும்பத்து வழக்கம்தான். ஆனால் இரும்பு உருளைக்குக் கீழே இருப்பது அல்ல. பதிவாகாத ஒருவனுக்கு லெட்டரும் வேண்டியதில்லை என்பது அவருடைய கணக்குக்கு உடனே எட்டியது. "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினார்.

லோகநாதன் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பதிவுப் படிவத்தை அப்படியே சைக்கிள் சீட்டின் மேல் வைத்து நிரப்பினான்.

முதல் ஞாயிறு செங்கல்பட்டில் ஐசக் நான்கு விக்கெட் எடுத்தான். இரண்டாம் ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவிலில் ஐந்து. மூன்றாவது ஆட்டம் தாம்பரத்தில், ஜூபிலி கழகத்தோடு. அதுவே சீசனின் கடைசி ஆட்டம். அந்த ஒன்று நடந்தால் சான்றிதழ். நடக்காவிட்டால் டைப்ரைட்டிங்.

அன்று லாசரஸ் சார் காலை ஆராதனை முடிந்து, வேட்டியும் குளோஸ் கோட்டுமாக நேராக மைதானத்துக்கு வந்தார். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் ஒன்பதரை வரை தொடங்கவில்லை. அம்பயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகநாதன் ஓடி வந்தான்.

"சார், பேஜாராப் போச்சு! அவங்க விக்கெட் கீப்பர் அந்தோணிசாமி வரலை. பேரனுக்கு ஞானஸ்நானமாம். பத்து பேரோட ஆட மாட்டோம்னு அடம் புடிக்கிறாங்க. இன்னும் கால் மணில வாக்ஓவர் குடுத்துடுவாரு அம்பயர்."

"அப்படின்னா உங்களுக்குத்தானே வெற்றி?"

"எனக்கு வெற்றி சார். உங்க பையனுக்கு மேட்ச் கணக்குல வராதே!"

லாசரஸ் சார் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜூபிலி கழகத்தின் சாமியானாவுக்கு வேகமாக நடந்தார். நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் யாரும் பொது இடத்தில் ஓடியதில்லை.

"பத்து பேரோட ஆடலாமாமே சார்? விதி இருக்காமே?"

"விதி இருக்கு. கௌரவம் இருக்கோல்லியோ?" என்றார் செயலாளர். "முப்பது வருஷக் கழகம் ஒரு ஆள் குறைவா இறங்கினா ஊர் என்ன சொல்லும்? தோத்தாலும் பதினோரு பேரா தோக்கணும்."

எல்லைக் கோட்டில் வெள்ளைச் சட்டை போட்ட நான்கு வாலிபர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது அணிக்காரர்கள். லாசரஸ் சார் அவர்களைக் காட்டினார்.

"அவங்கள்ல ஒருத்தரை இறக்கலாமே?"

"அவாளையா!" செயலாளர் பதறிப்போனார். "அவா அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் சார்!"

அம்பயர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். லாசரஸ் சார் நிமிர்ந்து நின்றார். "பிள்ளையைச் சேர்க்கும்போது என்னையும் ஆயுள் உறுப்பினராச் சேர்த்தீங்க. நான் ஆடலாமா?"

சாமியானாவுக்குள் அவசரக் கூட்டம் கூடியது. தலைப்பு: முதல் அணிக்குப் பதவி உயர்வு. வயது என்ன என்று கேட்டார்கள். ஐம்பத்து நான்கு. சர்வீஸ்? முப்பது வருஷம், ஒரே ஸ்கூல். அனுபவம்? பேட்டைத் தொட்டதில்லை.

"பேட்டைத் தொட்டதில்லைன்னா கெட்ட பழக்கம் எதுவும் படிஞ்சிருக்காது" என்றார் சிட்டிபாபு.

"பக்குவத்தைப் பத்திக் கேள்வியே இல்லை" என்றார் செயலாளர். "பார்த்தாலே தெரியறதே. வேட்டி பரவாயில்லை, வெள்ளைதானே." ஐந்து வருஷம் ஐசக்குக்குத் திறக்காத கதவு மூன்று நிமிஷத்தில் ஏகமனதாகத் திறந்தது. பதிவுப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி ஒன்றை அம்பயரிடம் கொடுத்தார்கள்.

ஜூபிலி கழகம் முதலில் மட்டை பிடித்தது. சிட்டிபாபு ஒரு முனையில் நின்றுகொண்டார். மறுமுனையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஐசக் ஆறு பந்தையும் முழு வேகத்தில் போட்டான். ஒவ்வொரு முறை தம் கழகத்து ஸ்டம்ப் பறந்தபோதும் செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

"பார்த்தேளா! பொறுமையா வச்சிருந்ததோட பலன்! எழுதிக்கோங்கோ, ஆண்டறிக்கைல சாதனைன்னு போடணும்!"

முப்பத்தொரு ரன்னுக்கு ஒன்பது விக்கெட். எட்டை ஐசக் எடுத்திருந்தான். பதினோராவது ஆளாக லாசரஸ் சார் இறங்கினார். வேட்டிக்கு மேல் கால்காப்பு. கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், மறுத்துவிட்டார்.

"சார், சும்மா பேட்டைத் தரையில வச்சிக்கிட்டு நில்லுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார் சிட்டிபாபு. அவர் அதுவரை நான்கு ரன் எடுத்திருந்தார்.

ஐசக் பந்தோடு தொலைவிலிருந்து தகப்பனாரைப் பார்த்தான். ஓடி வந்தான். பாதியில் வேகத்தைக் குறைத்தான். பந்து தரையில் விழுந்து, தயங்கி, ஸ்டம்புக்கு வெளியே தவழ்ந்து போயிற்று.

லாசரஸ் சார் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதி பிட்சுக்கு நடந்தார்.

"என்னடா பந்து இது?"

"அப்பா… வேகமாப் போட்டா உங்க மேல பட்டுடும்ப்பா."

"பட்டா படட்டும். நான் உன் அப்பன் இல்லை இங்கே, எதிர்க்கட்சி ஆள். அப்பனுக்கு விட்டுக் கொடுத்தான்னு நாளைக்கு எவனாவது வாய் திறந்தா, அந்தக் கெட்ட பேரும் நம்ம வீட்டுக்குத்தான். ஒழுங்காப் போடு."

திரும்பிப் போய்த் தம் இடத்தில் நின்றார். முதுகு நேராக இருந்தது. மட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இருந்தது.

அடுத்த பந்தை அவர் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. திரும்பியபோது நடு ஸ்டம்ப் இரண்டு கஜம் தள்ளிக் கிடந்தது. அம்பயர் விரலைத் தூக்கும் முன்பே அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். சாமியானாவுக்குப் போகவில்லை. ஸ்கோர் எழுதுகிறவரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"பந்து போட்டவன் பேரை இனிஷியலோட எழுதுங்க. எல். ஐசக்."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். "எல்-னா என்ன சார்?"

"லாசரஸ்."

"அது இப்ப அவுட்டானவர் பேராச்சே?"

"ஆமா" என்றார் லாசரஸ் சார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "ரெண்டையும் தப்பில்லாம எழுதுங்க."